பாதியில நிக்கிற குவில்ட்: வெளிய குடுக்கலாமா, மிஷின்ல ஓட்டலாமா, கையில தைக்கலாமா?

குவில்ட், அதாவது மேல ஒட்டுத்துணி, நடுவுல பஞ்சு, கீழ அடித்துணின்னு மூணு லேயரைச் சேத்துத் தைக்கிற போர்வை, அதைத் தைக்கிற யார் வீட்டு பரண்ல ஏறிப் பாத்தாலும் மூணு நாலு பை கண்டிப்பா இருக்கும், ஒண்ணுல வெட்டி வச்ச சதுரம், ஒண்ணுல பாதி தச்ச பிளாக் (துண்டுகளைச் சேத்துத் தைக்கிற ஒரு கட்டம்), இன்னொண்ணுல டாப்ங்கிற மேல்துணி முழுசா முடிஞ்சு அழகா மடிச்சு வச்சதோட சரி, அதுக்கப்புறம் யாரும் தொடல. இதை எப்படி முடிக்கிறதுன்னு யாரைக் கேட்டாலும் டெய்லி கால் மணி நேரம் உக்காருங்கம்பாங்க. நல்ல யோசனைதான், ஆனா எந்த குவில்ட்டை எந்த வழியில முடிக்கப் போறோம்னு முடிவு பண்ணாம உக்காந்தா அந்த கால் மணி நேரமும் பையப் பிரிச்சுப் பாத்துட்டு திரும்ப மடிச்சு வைக்கிறதுலயே போயிடும். அதனால என்னென்ன வழி இருக்கு, எது யாருக்கு ஒத்து வரும்னு கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். கணக்கு ஒரே மாதிரி இருக்கட்டும்னு எல்லாத்துக்கும் சிங்கிள் கட்டில் சைஸ், 60க்கு 80 இன்ச் குவில்ட்டையே வச்சுப் பேசுறேன்.

முதல் வேலை, எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டு ஒவ்வொண்ணும் எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க. பைண்டிங், அதாவது சுத்தி ஓரத்துல பட்டி அடிக்கிறது மட்டும் பாக்கின்னு ஏதாவது இருந்தா அதுக்கு எந்த ஒப்பீடும் தேவையில்ல, இந்த வாரமே உக்காந்து முடிச்சிடுங்க, ஒண்ணு முடிஞ்சு கட்டில்ல விரிச்சுப் பாத்தாலே அடுத்ததுக்குக் கை தானா போகும். மத்ததுல பாத்தீங்கன்னா பெரும்பாலும் ஒரே எடத்துலதான் நின்னிருக்கும், டாப் ரெடி, மூணு லேயரையும் சேக்கல. ஏன்னா தைக்கிறது எல்லாருக்கும் பிடிக்கும், இந்த சேக்கிற வேலை யாருக்கும் பிடிக்காது. அடித்துணிய தரையில விரிச்சு ஓரம் பூரா மாஸ்கிங் டேப் ஒட்டணும், அதுவும் சுருக்கம் போற அளவுக்குத்தான் இழுக்கணும், ரொம்ப இழுத்து ஒட்டினா டேப்பை எடுத்ததும் துணி பழையபடி சுருங்கி பின்னாடி மடிப்பு விழுந்துடும். அதுக்கு மேல வாடிங்னு சொல்ற பஞ்சு விரிப்பு, அதுக்கு மேல டாப், அப்புறம் முட்டி போட்டு நகந்து நகந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணா ஊக்கு குத்திட்டே வரணும். 4 இன்ச்சுக்கு ஒண்ணுன்னா குறுக்க 15, நெடுக்க 20, மொத்தம் 300 ஊக்கு. அபார்ட்மென்ட் ஹால்ல அந்த அளவுக்கு இடம் வேணும்னா சோபா நகரணும், டீப்பாய் நகரணும், வீட்டுல எல்லாரும் ரெண்டு மணி நேரம் அந்தப் பக்கம் வராம இருக்கணும். முட்டி வலி இருக்கிறவங்களுக்கு இது நடக்கிற காரியமே இல்ல. ஆகவே கீழ சொல்ற ஒவ்வொரு வழியையும் நான் எடை போடுறது இதை வச்சுத்தான், பேஸ்டிங்னு சொல்ற இந்த தரை வேலைய அது எவ்வளவு குறைக்குது, அப்புறம்தான் காசு, அழகு எல்லாம்.

லாங்-ஆர்ம்னு சொல்ற பெரிய குவில்டிங் மிஷின் வச்சிருக்கிறவங்க கிட்ட குடுக்கிறதை முதல்ல எடுத்துக்கலாம். இதோட பெரிய லாபம் டிசைன் இல்ல, பேஸ்டிங்கே கிடையாதுங்கிறதுதான். அந்த மிஷின்ல ஃபிரேம் இருக்கும், அடித்துணி, டாப் எல்லாத்தையும் தனித்தனியா உருளையில மாட்டிடுவாங்க, நாம மூணையும் தனித்தனியா மடிச்சுக் குடுத்தா போதும், ஒரு ஊக்கு குத்த வேணாம். ஒரே டிசைனை இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஓட்டிக் குடுப்பாங்க. அமெரிக்காவுல இருக்கிற நம்மாளுங்களுக்கு இது ரொம்ப சுலபம், சின்ன ஊர்ல கூட ஆள் கிடைப்பாங்க, கூலி சதுர இன்ச் கணக்கு. 60க்கு 80ன்னா 4800 சதுர இன்ச், இன்ச்சுக்கு 2 சென்ட்னா 96 டாலர், 3 சென்ட்னா 144, வாடிங், நூல் எல்லாம் தனி. நம்ம ஊர்ல அந்த மிஷின் வச்சு கூலிக்கு பண்றவங்க ரொம்பக் கம்மி, பாதிப் பேருக்கு கூரியர்ல அனுப்பித்தான் வாங்கணும், பெரிய குவில்ட்னா போக வர அந்தச் செலவையும் சேத்துப் பாருங்க.

குடுக்கிறதா இருந்தா நாம கவனிக்க வேண்டியது, அடித்துணி டாப்பை விட நாலா பக்கமும் 4 இன்ச் பெருசா இருக்கணும், அதாவது 68க்கு 88. டாப் தரையில போட்டா சமமா படியணும், பார்டர் அலை அலையா நின்னா அவங்க ஓட்டும்போது அது மடிப்பாத்தான் விழும், அதை அங்க யாரும் சரி பண்ணித் தர மாட்டாங்க. தொங்குற நூலையெல்லாம் வெட்டி, நல்லா அயர்ன் பண்ணிக் குடுங்க. டிசைன் எவ்வளவு நெருக்கம்னு முன்னாடியே கேளுங்க, ரொம்ப நெருக்கமா ஓட்டினா பாக்க பிரமாதமா இருக்கும், போத்திக்கும்போது அட்டை மாதிரி வெறைச்சுக்கிட்டு நிக்கும். என்னோட அபிப்பிராயம், டபுள் கட்டில், கிங் சைஸ்னு பெருசா ஒரு டாப் மாட்டிக்கிட்டு இருந்தா யோசிக்காம வெளிய குடுத்துடுங்க, வீட்டு மிஷின்ல அதோட மல்லுக்கட்டி கழுத்து வலி வாங்குறதுல ஒரு புண்ணியமும் இல்ல. கையில தைக்கணும்னு ஆசைப்பட்டு ஆரம்பிச்ச குவில்ட்டை மட்டும் குடுக்காதீங்க, திரும்பி வரும்போது அது வேற ஒண்ணா இருக்கும்.

நம்ம மிஷின்ல நாமளே ஓட்டுறது அடுத்தது. காசு மிச்சம், ஆனா பேஸ்டிங் ஒழுங்கா பண்ணியே ஆகணும், வாக்கிங் ஃபுட் (துணிய அழுத்திப் பிடிக்கிற பாதத்துல ஒரு வகை) கண்டிப்பா வேணும். சாதாரண ஃபுட்ல கீழ இருக்கிற பல்லு அடித்துணிய மட்டும் இழுக்கும், மேல டாப் பின்தங்கி நிக்கும், கடைசியில கோடு முடியிற இடத்துல ஒரு மடிப்பு உக்காந்திருக்கும். வாக்கிங் ஃபுட் மேலயிருந்தும் இழுக்கிறதால மூணும் சேந்து நகரும். ஊசி 90/14, தையல் நீளம் 3ல இருந்து 3.5 மில்லிமீட்டர், நடுவுல ஆரம்பிச்சு வெளிய வரணும். உண்மையான கஷ்டம் இடம்தான், சாதாரண வீட்டு மிஷின்ல ஊசிக்கும் மிஷின் உடம்புக்கும் நடுவுல 6, 7 இன்ச்தான் இருக்கும், பாதி குவில்ட்டை சுருட்டி அந்த இடுக்குல நுழைக்கணும். மிஷினுக்கு இடது பக்கமும் பின்னாடியும் டைனிங் டேபிளோ அயர்னிங் போர்டோ போட்டு குவில்ட்டோட கனத்தை அது தாங்குற மாதிரி பண்ணிட்டா பாதி பிரச்சனை தீந்துடும், இல்லன்னா துணி தொங்கி இழுத்து தையல் ஒரு இடத்துல சின்னதாவும் ஒரு இடத்துல பெருசாவும் விழும்.

டிசைன்ல பேராசை வேணாம். ரெண்டு துணி சேர்ற கோட்டுக்கு உள்ளயே தைக்கிறது சுலபம்னு நினைப்பாங்க, அதுதான் இருக்கிறதுலயே கஷ்டம், ஒரு நூல் அளவு விலகினாலும் கண்ணுல குத்தும். 3 இன்ச் இடைவெளியில லேசா வளைஞ்சு வளைஞ்சு போற கோடு போடுங்க, நேரா இல்லாததே அழகா தெரியும். ஃப்ரீ மோஷன், அதாவது துணிய நம்ம கையாலயே இஷ்டத்துக்கு நகத்தித் தைக்கிறது, கத்துக்கணும்னா பழைய சட்டை, மிச்ச வாடிங் வச்சு மூணு லேயர்ல ஒரு சின்ன சாண்ட்விச் பண்ணி அதுல பழகுங்க, வருஷக்கணக்கா காத்திருக்கிற டாப் அதுக்கான இடம் இல்ல. அந்தக் கால மிதி மிஷின் வச்சிருக்கீங்களா, நேர் தையலுக்கு அதை மிஞ்ச ஆளில்ல, ஆனா வாடிங் தடியா இருந்தா திணறும், மெல்லிசா வச்சுக்கோங்க.

சில பேர் தெருமுனை டெய்லர் கிட்ட குடுத்துடலாமான்னு கேப்பாங்க. அவர் கிட்ட இருக்கிற ஜூக்கி மிஷின்ல இடம் நம்ம மிஷினை விட அதிகம், வேகமும் அதிகம், ஆனா அவர் பிளவுஸும் சுடிதாரும் தைக்கிறவர், மூணு லேயர் நகரும்னு அவருக்கு எதிர்பார்ப்பே இருக்காது. ஊக்கு குத்திக் குடுத்தா வேகத்துல ஊசி உடையும், அதனால கையில நெருக்கமா நூலோட்டி, சாக்குல கோடு போட்டு, எல்லாக் கோட்டையும் நடுவுலருந்து ஒரே திசையில தைக்கச் சொல்லி, முதல் ரெண்டு கோடு முடியிற வரைக்கும் பக்கத்துல நின்னுட்டு வரலாம்னா குடுங்க. சின்ன குவில்ட்டுக்கு சரி. பைண்டிங் அடிக்க மட்டும் குடுக்கிறதா இருந்தா தாராளமா குடுக்கலாம், பைப்பிங் அடிச்சுப் பழகின கை, அந்த வேலைய நம்மள விட சுத்தமா பண்ணிடுவார்.

மிஷின் சின்னது, குவில்ட் பெருசு, வெளிய குடுக்கவும் மனசில்லன்னா பிரிச்சுப் பண்ற வழி ஒண்ணு இருக்கு, இதை நம்மாளுங்க நிறைய பேர் முயற்சி பண்றதே இல்ல, எனக்கு இதுல ரொம்ப நம்பிக்கை உண்டு. டாப்பை வெட்ட வேணாம். வாடிங்கை மட்டும் நெடுக்க மூணா வெட்டுங்க, வெட்டும்போது நேரா வெட்டாம அலை மாதிரி வெட்டணும், எது எந்தப் பக்கம்னு ஒரு அடையாளம் வச்சுக்கோங்க. முதல்ல நடுத்துண்டை மட்டும் வச்சு அந்தப் பகுதியை குவில்ட் பண்ணுங்க, ஓரத்துல ஒரு 3 இன்ச் மட்டும் தைக்காம விடணும். இடுக்குல போற சுருள்ல ரெண்டு துணிதான் இருக்கும், பஞ்சு இருக்காது, அதனால பாதி தடிமன்கூட வராது. அது முடிஞ்சதும் ஓரத்துண்டை நடுத்துண்டோட அலைக்கு அலை பொருத்தி கையில லூசா ஒரு தையல் போட்டு, டாப்பை மேலயும் அடித்துணிய கீழயும் விரிச்சு அந்தப் பக்கத்தை முடிங்க, அப்புறம் அடுத்த பக்கம். ஏன் அலை மாதிரி வெட்டணும்னா, நேர் கோட்டுல சேத்தா அந்தக் கோடு பின்னாடி மடங்கிற இடமா மாறிடும், அலையா இருந்தா தெரியாது. இதுல பேஸ்டிங்கும் மூணு தவணையா பிரியுறதால டைனிங் டேபிள் மேலயே பண்ணலாம், தரைக்கே போக வேணாம்.

டாப் இன்னும் ஆகல, பிளாக்காதான் இருக்குன்னா வேலை இன்னும் லேசு. ஒவ்வொரு பிளாக்குக்கும் அதே அளவுல வாடிங், அடித்துணி வச்சு தனித்தனியா குவில்ட் பண்ணி முடிச்சு, ஓரத்தை ஒரே அளவுக்கு வெட்டிட்டு, முன்னாடி ஒரு பட்டி பின்னாடி ஒரு பட்டி வச்சு ஒண்ணோட ஒண்ணு சேத்துட்டே போகலாம். மடியில வச்சுத் தைக்கிற அளவு வேலை, பஸ்ல ஊருக்குப் போகும்போது கூட ஒண்ணு ரெண்டு பிளாக் கையில ஓட்டலாம். இதுல ஒரே குறை, பின்பக்கமும் கட்டம் கட்டமா பட்டி தெரியும், ஒரே துணியா வழவழன்னு வேணும்ங்கிறவங்களுக்குப் பிடிக்காது.

ஆனா பிளாக் பாதியில நிக்கிற குவில்ட்ல ஒரு சங்கதி இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி தச்ச பிளாக்கும் இப்ப தைக்கிற பிளாக்கும் ஒரே அளவு வராது, நூல் மாறியிருக்கும், ஃபுட் மாறியிருக்கும், சில பேர் மிஷினே மாத்தியிருப்பாங்க. தையலுக்கு விடுற ஓரம் ஒவ்வொரு பக்கமும் 1/16 இன்ச் கூடிப்போனா ஒரு தையலுக்கு 1/8 இன்ச் போச்சு, 9 சதுரம் வரிசையா இருக்கிற பிளாக்ல 8 தையல், முழுசா 1 இன்ச் குறைஞ்சு வந்து நிக்கும். அதனால புதுசா தைக்கிறதுக்கு முன்னாடி பழைய பிளாக்கை எல்லாம் அளந்து எழுதிக்கோங்க. வித்தியாசம் இருந்தா பிரிச்சுத் தைக்க வேணாம், சின்னதா இருக்கிற பிளாக்கை சுத்தி ஒரு மெல்லிசான சட்டம் தச்சு, எல்லாத்தையும் ஒரே அளவுக்கு வெட்டிடுங்க, பாக்கிறவங்க அதை டிசைன்னுதான் நினைப்பாங்க. துணி தீந்து போச்சு, அதே பிளாக் பிரிண்ட் இப்ப கிடைக்கலன்னாலும் தேடி அலையாதீங்க, கையால அச்சு குத்துற துணியில ஒரு தடவை வர்ற கலர் மறு தடவை வராது. வேற ஒரு துணிய ஒரு மூலையில மட்டும் வச்சா ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும், நாலஞ்சு இடத்துல பரவலா கலந்துட்டா பொருந்திடும்.

இப்ப கைத்தையல். எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமானது இதுதான், அதுக்காக எல்லாத்தையும் கையில தைங்கன்னு சொல்ல மாட்டேன். பெரிய தையல்னு சொல்ற முறையைத்தான் சொல்றேன், 8ஆம் நம்பர் பேர்ல் காட்டன் நூல், இன்ச்சுக்கு 4 தையல் வந்தா போதும், வங்காளத்து காந்தா வேலைய பாத்திருப்பீங்க, அதுக்கும் அடிப்படை இதே நூலோட்டம்தான். 3 இன்ச் இடைவெளியில குறுக்கு கோடுன்னா 26 கோடு, ஒவ்வொண்ணும் 60 இன்ச், மொத்தம் கிட்டத்தட்ட 40 மீட்டர் தையல். நூல் மேலயும் கீழயும் போறது, முடிச்சு, வால் எல்லாம் சேத்து 60 மீட்டர் வச்சுக்கோங்க, ஒரு 10 கிராம் பந்துல ஏறக்குறைய 80 மீட்டர் இருக்கும், ஒரு பந்துல குவில்ட்டே முடிஞ்சிடும். கொஞ்சம் பழகின கை மணிக்கு 2 மீட்டர் ஓட்டும்னு எடுத்துக்கிட்டா 20 மணி நேர வேலை, தினம் அரை மணி நேரம் டிவி முன்னாடி உக்காந்தா 40 நாள்ல தீந்துடும். மலைப்பா தெரியிற வேலை, எண்ணிப் பாத்தா அவ்வளவு பெருசு இல்ல.

கோடு போடுறதுக்கு ஒரு வழி சொல்றேன். அடித்துணிக்கு மதுரை சுங்குடி புடவை வைங்க. 5.5 மீட்டர் புடவையில 86 இன்ச்சா ரெண்டு வெட்டி பக்கத்துல பக்கத்துல சேத்தா 60க்கு 80 குவில்ட்டுக்கு அடித்துணி ஆச்சு, இன்னும் ஒரு மீட்டருக்கு மேல மிச்சம் இருக்கும், பைண்டிங்குக்கே அது போதும். அந்தப் புள்ளி வரிசை வரிசையா இருக்கும் இல்லையா, குவில்ட்டைத் திருப்பிப் போட்டு பின்பக்கத்துல இருந்து புள்ளிக்குப் புள்ளி ஊசி ஓட்டிக்கிட்டே போனா சாக்கும் வேணாம் ஸ்கேலும் வேணாம், நடு விரல்ல அங்குஸ்தான் மாட்டிக்கிட்டு ஊசியை அசைச்சு அசைச்சு நாலு தையலை ஏத்தி ஒரே இழுப்புல இழுக்கும்போது முன்பக்கம் ஒரு பள்ளம் ஒரு மேடுன்னு துணி பொங்கி வரும் பாருங்க, அந்த அழகு எந்த மிஷின்லயும் வராது. புடவைய மட்டும் முன்னாடியே ரெண்டு மூணு தடவை அலசிடணும், சுங்குடி சாயம் விடும்.

கைத்தையலுக்கு காலம் பாத்துத்தான் உக்காரணும். சித்திரை வெயில்ல, கரண்ட் போன நேரத்துல, பஞ்சு வச்ச குவில்ட்டை மடியில போட்டுக்கிட்டு யாராலயும் தைக்க முடியாது, உள்ளங்கை வேர்வையில ஊசி வழுக்கும், துணியில கறை ஏறும். கார்த்திகை மார்கழிக்கு வச்சுக்கோங்க. வெயில் காலத்துல வெட்டுறது, பிளாக் சேக்கிறது, அளவெடுக்கிறதுன்னு கனமில்லாத வேலைய முடிச்சு வச்சா குளிருக்கு ரெடியா இருக்கும். பரண்ல கிடக்கிற டாப்பை மட்டும் மழைக்கு முன்னாடி, ஐப்பசி பிறக்கிறதுக்குள்ளயே இறக்கிடுங்க, பூஞ்சை பிடிச்சா அந்தப் புள்ளி போகாது, பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு அது ஒண்ணும் பண்ணாது.

முடிச்சுப் போடுற முறைய நிறைய பேர் மட்டமா நினைக்கிறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. இலவம் பஞ்சு மெத்தையில அங்கங்க குஞ்சம் வச்சு முடிச்சுப் போட்டிருப்பாங்களே, அதே வேலைதான், பஞ்சு நகராம பிடிச்சுக்கும். அமெரிக்காவுல மென்னோனைட் சர்ச் ஆளுங்க இன்னிக்கும் கூட்டமா உக்காந்து இப்படி முடிச்சுப் போட்ட போர்வைகளை தச்சுத்தான் அகதிகளுக்கு அனுப்புறாங்க, அத்தனை பேரைக் காப்பாத்துற குளிர்ப் போர்வை மட்டமான வேலையா இருக்க முடியுமா. 5 இன்ச்சுக்கு ஒண்ணுன்னா குறுக்க 11, நெடுக்க 15, மொத்தம் 165 முடிச்சு, ரெண்டு மூணு சாயந்திரத்துல முடிஞ்சிடும், வீட்டுல பசங்க இருந்தா அவங்களும் கூட உக்காருவாங்க. பேர்ல் காட்டனை ரெட்டையா எடுத்து, வலது மேல இடது ஒரு தடவை, இடது மேல வலது ஒரு தடவை, 1 இன்ச் வால் விட்டு வெட்டணும். ரெண்டு விஷயம் மட்டும் பாருங்க, வாடிங் கவர்ல எத்தனை இன்ச்சுக்குள்ள தைக்கணும்னு போட்டிருப்பாங்க, அந்த இடைவெளிய தாண்டினா துவைக்கும்போது பஞ்சு உருண்டை கட்டும், அப்புறம் கைக்குழந்தைக்கு இது வேணாம், முடிச்சை வாயில வச்சு இழுக்கும். டாப்ல ஏற்கனவே டிசைன் நிறைய இருக்கு, கலர் நிறைய இருக்கு, குவில்டிங் தையல் எப்படியும் தெரியப் போறதில்லன்னா எதுக்கு 20 மணி நேரம் தைக்கணும், முடிச்சுப் போட்டு முடிச்சிடுங்க.

சென்னை, மதுரை, திருச்சி மாதிரி ஊர்ல இருக்கிறவங்க வாடிங் வேணுமான்னே முதல்ல கேட்டுக்கணும். பாலியஸ்டர் வாடிங் வச்ச குவில்ட்டை ஏசி ரூம் தவிர எங்கயும் போத்த முடியாது, முடிச்சும் கப்போர்டுலதான் தூங்கும். வடக்க தோஹர்னு ஒண்ணு போத்துவாங்க, மூணு லேயரும் மல் துணி, பஞ்சே கிடையாது. அதே மாதிரி நடுவுல நைஞ்சு மெத்துன்னு ஆன பழைய வேட்டிய ரெண்டு மூணு சேத்து வைங்க, மின்விசிறிக் காத்துக்கு அது போதும். தைக்கிறதும் சுலபம், மிதி மிஷின்ல கூட வெண்ணெய் மாதிரி ஓடும், துவைச்சா காயவும் நேரம் எடுக்காது. பஞ்சு இல்லாததால நெருக்கமா தைக்கணும்ங்கிற கட்டாயமும் இல்ல. நான் சொன்ன எல்லா வழியோடயும் இதை சேத்துக்கலாம், கைத்தையல், மிஷின், முடிச்சு எதுவானாலும் சரி.

அளவுக்கு ஒத்து வராத பிளாக், ஓரம் வெட்டின துண்டு, எதோடயும் சேராத மிச்சம், இதெல்லாம் ஒரு பை நிறைய இருக்கிறவங்களுக்கு கர்நாடகாவுல உத்தர கன்னடா பக்கம் இருக்கிற சித்திங்கிற சமூகத்துப் பெண்கள் தைக்கிற கவந்தி முறைதான் சரி. ஆப்பிரிக்காவுல இருந்து பல நூற்றாண்டுக்கு முன்னாடி வந்தவங்களோட வம்சம் அவங்க. ஒரு பழைய புடவைய அடியில விரிச்சு, துண்டுகளோட ஓரத்தை உள்ள மடிச்சு மடிச்சு வச்சு, வெளி ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுக்கு வந்து முடிப்பாங்க, எல்லாம் கையில நூலோட்டம். பிளாக் சேக்கிறது, சாண்ட்விச், குவில்டிங், பைண்டிங்னு நாலு வேலையா பிரியிறது எல்லாம் அங்க ஒரே வேலையா நடந்துடும், அளவெடுக்கவே வேணாம். நாலு மூலையிலயும் சின்ன சதுரத்தை முக்கோணமா மடிச்சு பூ மாதிரி வச்சாத்தான் முடிஞ்சதா அர்த்தம். நீங்க பண்ணும்போது இது அவங்க கையிலருந்து வந்த வேலைன்னு கேக்கிறவங்க கிட்ட சொல்லுங்க.

எல்லாத்தையும் முழு அளவுல முடிச்சே ஆகணும்னும் இல்ல. கட்டிலுக்குன்னு ஆரம்பிச்சு 12 பிளாக்கோட நின்னுதுன்னா, மறுபடியும் 18 பிளாக் தைக்கணும்னு நினைக்கும்போதே சோர்வா இருந்தா, அந்த 12லயே ஒரு சின்னப் போர்வை, மிச்சம் இருந்தா 16க்கு 16 குஷன் கவர், டைனிங் டேபிளுக்கு ஒரு ரன்னர்னு முடிச்சிடுங்க. அந்த டிசைனே இப்ப பிடிக்கலன்னா கத்துக்கிட்டு இருக்கிற யாருக்காவது துணி, பிளாக், பேட்டர்ன் எல்லாத்தையும் ஒரே பையில போட்டுக் குடுத்துடலாம். ஆனா யாருக்காவது தர்றேன்னு சொல்லி ஆரம்பிச்சது இருந்தா, அது முடிச்சுப் போட்டாவது முதல்ல முடியணும், குழந்தை பொறந்து ஸ்கூலுக்குப் போற வயசாயிடுச்சுன்னாலும் பரவாயில்ல, குடுங்க, சந்தோஷமா வாங்கிப்பாங்க.

ஒரே நேரத்துல எத்தனை எடுக்கலாம்னா, ரெண்டு. ஒண்ணு மிஷின்ல, ஒண்ணு கையில. மத்ததையெல்லாம் மடிச்சு வைக்கும்போது உள்ள ஒரு சீட்டு எழுதிப் போட்டுடுங்க, பிளாக் அளவு என்ன, எந்த ஸ்கேல் வச்சு வெட்டினது, தையலுக்கு விட்ட ஓரம் எவ்வளவு, அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை என்ன. முடிச்ச பிளாக் ஒண்ணை மாதிரிக்கு அது கூடவே வைங்க. ஆறு மாசம் கழிச்சு பிரிக்கும்போது யோசிக்கவே வேணாம், நேரா ஊசிய எடுத்துடலாம்.

கடைசியா பைண்டிங், துவையல். 60க்கு 80ன்னா சுத்தளவு 280 இன்ச், மூலைக்கும் இணைப்புக்கும் 10 சேத்து 290. 42 இன்ச் அகலத் துணியில 2.5 இன்ச் பட்டி 7 வெட்டினா சாய்வா ஒட்டும்போது போற துணியால பத்தாமப் போயிடும், 8 வெட்டுங்க, 60 சென்டிமீட்டர் துணி எடுத்தா சரியா இருக்கும். சிவப்பு, நீலம், கருப்பு எது இருந்தாலும் துவைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் துணிய நனைச்சு அந்த இடத்துல வச்சு சூடா அயர்ன் பண்ணிப் பாருங்க, கலர் ஏறுச்சுன்னா முதல் அலசல் தனியா, பச்சைத் தண்ணியில, கலர் இழுக்கிற ஷீட் போட்டு, ஊற வைக்காம உடனே எடுத்துடணும். காட்டன் வாடிங் வச்சதுன்னா 100க்கு 3ல இருந்து 5 வரைக்கும் சுருங்கும், லேசா சுருக்கம் விழும், அது நல்லாத்தான் இருக்கும். காய வைக்கும்போது ஒத்தைக் கொடியில தொங்க விடாம ரெண்டு மூணு கொடி மேல பரத்திப் போட்டு, நிழல்ல, பின்பக்கம் மேல தெரியிற மாதிரி போடுங்க, ஈரத்தோட கனத்துல தையல் இழுக்காது.